மாடில்லாதவனுக்குக் குறி எதற்கு?

பெயரும் கொடியும் சிறு பொருள்கள் என்று நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் வேலை நம் தலையில் விழுந்தபோதுதான் அவ்வெண்ணம் பிழையென்று கண்டோம்.

வரலாற்றுத் தினத்துக்கென மாணவர் ஊர்வலம் ஒன்று ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு மாணவரும் இடைக்காலத்து மனிதர் ஒருவராக வேடம் புனைய வேண்டும். தமக்கொரு பெயரையும் விருதையும் தாளில் எழுதித் தரவேண்டும். அவற்றைப் பரிசீலிக்க ஆசிரியர் மூவர் அமர்ந்தோம். இதற்கு வெளியுலகில் முன்மாதிரி உண்டு. 1966இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தோன்றிய 'சொசைட்டி ஃபோர் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்னும் சங்கத்தார், தாம் விரும்பும் பழம்பெயரையும் கேடயச் சின்னத்தையும் எழுதி அனுப்புவர். பெயருக்குப் பழைய சான்று உண்டா, சின்னம் பிறர் சின்னத்தோடு முட்டுகின்றதா என்று அறிந்தோர் ஆராய்வர். பிறப்பை எவரும் கேட்பதில்லை. அவ்விரு விதிகளையே நாமும் கைக்கொண்டோம்.

தாள்கள் குவிந்தன. வந்தியத்தேவன் நால்வர், நந்தினி மூவர். கல்கியின் நாவலும் 2022இல் வெளிவந்த திரைப்படமும் செய்த வேலை அது. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறார். நந்தினியோ கல்கியின் கற்பனையில் பிறந்தவள். முகம் வாடிய சிறுமியருக்கு இராசராசன் தஞ்சையில் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரின் பட்டியலைக் காட்டினோம். சேரமங்கை, எடுத்தபாதம் என்ற பெயர்களைக் கண்டதும் நந்தினியை மறந்துவிட்டனர். அதே கல்லில் உவச்சர், வண்ணார், நாவிதர், குயவர், தச்சர் ஆகியோருக்குரிய பங்கும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால், கல்லில் இடம்பெற்றோர் எல்லாம் சுதந்திரம் பெற்றோர் என்று மயங்கிவிடலாகாது. ஊழியம் தடையின்றி நடக்க வேண்டுமென்பதே அக்கணக்கின் நோக்கம்.

சின்னங்களுள் மீன் மிகுதி. பாண்டியனின் மீனா, வாவியின் பாடும் மீனா என்று பிரித்தறிவது பெரும்பாடாயிற்று. சோழர் புலியை ஒரு சிறுவன் வரைந்திருந்தான். மறுநாள் அவன் தாயார் வந்து அத்தாளைத் திரும்பப் பெற்றுச் சென்றார். காரணத்தை நாம் கேட்கவில்லை. இந்த மண்ணில் கேட்க வேண்டியதுமில்லை.

நிற்க. பலர் தம் குடிப்பெயரையே எழுதி வந்தனர்: உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனார் குடி. இப்பகுதியில் குடி தாய்வழி வருவது. கீழைக்கரை முஸ்லிம்களிடத்தும் அவ்வழக்கம் உண்டு. தாய்வழிச் சொத்துரிமையைக் காத்த முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வழக்கொழிந்தது. எனினும் கோயில் திருவிழாவிலும் திருமணப் பேச்சிலும் குடி இன்னும் உயிரோடிருக்கிறது. பெண்ணின் வயிற்றைக் கொண்டு உறவை எண்ணிய சமூகம் என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆயின் அதே சமூகம் எந்தச் சாதிக்கு எந்த ஊழியம், எந்த வரிசை என்றும் வகுத்து வைத்தது. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' அதற்குச் சாட்சி.

இங்கே விருது கொடியோடு நிற்கவில்லை. மாட்டின் உடலிலும் ஏறிற்று. சாதிக்கும் குடிக்கும் உரிய குறியைக் காய்ச்சிய இரும்பால் சுடுவர். பட்டியில் எத்தனை மாடு கலந்தாலும் போடியாரின் மாடு தெரிந்துவிடும். இங்கிலாந்திலும் 1530 முதல் ஒன்றரை நூற்றாண்டு காலம் அரச கட்டியக்காரர் மாவட்டந்தோறும் சென்று, உரிமையின்றிச் சின்னம் தரித்தோரைத் தேடித் தடுத்தனர். உடையவனின் அடையாளத்துக்குக் காவல் எங்கும் உண்டு போலும்.

இந்த நிலையில்தான் ஒரு தாள் நம் கைக்கு வந்தது. பெயர் சாத்தன். பழந்தமிழில் புலவனும் வணிகனும் எளியவனும் தாங்கிய பெயர், சான்றுக்குக் குறைவில்லை. சின்னத்துக்குரிய கட்டமோ வெறுமையாக இருந்தது. எழுதியவன் பறைமேளம் கொட்டும் குடும்பத்துப் பையன். அவன் வீட்டுக்குச் சென்று, உங்களுக்குப் பழைய குறி ஏதும் உண்டா என்று அவன் பாட்டனாரைக் கேட்டோம். கிழவர் சிரித்தார்.

"எங்களிட்ட மாடு எங்கால சேர்? மாடில்லாதவனுக்குக் குறி என்னத்துக்கு?"

நமக்கு நாணமாயிற்று. அந்த நாணத்தை மறைக்கவோ என்னவோ, பறையையே சின்னமாக வை என்று பையனிடம் சொன்னோம். அது தொல்கலை, அதில் பெருமை கொள்ளவேண்டும் என்று முற்போக்காளருக்குரிய உற்சாகத்தோடு விளக்கினோம். அவன் தலைகுனிந்து நின்றான். "அப்பா அதை விட்டுட்டார் சேர்" என்று மட்டும் சொன்னான். சாவு வீட்டில் கேள்வியின்றி வந்து கொட்டவேண்டும் என்ற ஊழியத்திலிருந்து தகப்பன் விலகி வந்த தூரத்தை, ஒரு பாராட்டுரையால் மகனை மீண்டும் நடக்கச் சொன்னோம்! பறையைக் கலையாகக் கொள்வதும் கொள்ளாதிருப்பதும் அதைச் சுமந்தவர்களின் தீர்மானம். அதை நாம் அவர்களுக்கு எடுத்துத் தர முடியாது.

மறுநாள் அவன் தாளில் ஒரு மண்வெட்டி இருந்தது. தந்தை இப்போது வயலில் கூலி வேலை செய்கிறார். கூலியைக் கையில் எண்ணி வாங்குகிறார். நம் நண்பர் ஒருவர் விதியை நினைவூட்டினார்: "இதற்கு இடைக்காலச் சான்று எங்கே?" யன்னலுக்கு வெளியே பழைய குளத்தின் கட்டு தெரிந்தது. கட்டுவித்தவனுக்குக் கல்லில் பெயர் கிடைத்திருக்கலாம். மண் வெட்டியவனுக்கு அந்தக் கட்டே கல்வெட்டு. நண்பர் சற்று நேரம் அதைப் பார்த்திருந்துவிட்டுத் தாமே ஒப்பமிட்டார். மண்வெட்டியோடு முட்டும் சின்னமும் வேறில்லை. அத்தனை பேருள் ஒருவரும் அதை வரைந்திருக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறைகளில் வெறும் கட்டத்தோடு வரும் தாள்கள் இன்னும் உள்ளன. சான்று கேட்பது நம் கடமைதான். ஆனால் அந்தச் சான்றை எழுதி வைத்தவர் யார் என்பதையும், எழுதப்படாதவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்போம். கட்டத்தை நிரப்பும் எழுதுகோலோ மாணவன் கையிலேயே இருக்கட்டும்.