ஐந்தரை மணிக்கு நின்றுபோகும் பாய்லர்

வட அயர்லாந்துக்குப் போய் வந்தவர்கள் பொதுவாக ஜயண்ட்ஸ் காஸ்வே கடற்கரையின் கருங்கல் தூண்களைப் பற்றி எழுதுவார்கள். அல்லது டைட்டானிக் கப்பலைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தைப் பற்றி. நான் அங்கே பதினோரு நாள் இருந்தேன். அதிகம் பார்த்தது, அக்கா வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டியைத்தான்.

அக்கா எனிஸ்கில்லன் ஊரில் தாதியாக இருக்கிறார். மூன்று மாதக் கைக்குழந்தை. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் போன அம்மாவை அழைத்து வரத்தான் ஜனவரி தொடக்கத்தில் கிளம்பினேன். டப்ளின் விமான நிலையத்தில் டோனிகால் போகும் பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குள் நுழைகிறோம். ஆனால் சாவடி இல்லை, கடப்பிதழ் கேட்க ஆளும் இல்லை. வேக வரம்புப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எனிஸ்கில்லன் ஒரு தீவு ஊர். எர்ன் ஏரியின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு மாதம் ஏரிகள் ஃபெர்மானா மாவட்டத்துக்குள் இருக்கும், மற்ற ஆறு மாதம் மாவட்டம் ஏரிகளுக்குள் இருக்கும் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அவ்வளவு மழை, அவ்வளவு தண்ணீர்.

நான் போய்ச் சேர்ந்த இரவு அம்மா இரண்டு சுவெட்டருக்கு மேல் அக்காவின் கோட்டையும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளும் எங்கள் வாயிலிருந்து ஆவி வந்தது. மாமாவுக்கு டப்ளினில் வேலை, வார இறுதியில்தான் வருவார். அம்மா, அக்கா, குழந்தை மூவரும் ஒரே அறையில், ஒரு மின்சார ஹீட்டரைச் சுற்றிப் படுத்திருந்தார்கள்.

"இன்னிக்குத்தான் தம்பி, பாய்லர் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றார் அக்கா.

அவருக்குப் பின்னால் நின்ற அம்மா மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள் என்று நினைத்தேன். மூன்று வாரமாம். அந்த மூன்று வாரமும் நான் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். "எல்லாம் ஓகே லா" என்பார் அக்கா. குரலை வைத்துச் சம்பாதிக்கிறவன், அந்த ஓகேயில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன என்றார். கொண்டு போயிருந்த மாத்திரை இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். டிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும், "இந்தக் குளிருல பச்சப் புள்ளைய விட்டுட்டு எப்படிடா வர்றது? பெட்டி சரியாவட்டும், பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பெட்டி எரிப்பது மண்ணெண்ணெய். வட அயர்லாந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகள் எண்ணெயில்தான் சூடாகின்றன. ஸ்காட்லாந்திலிருந்து கடலடியில் எரிவாயுக் குழாய் வந்ததே 1996இல்தான். கிராமத்துச் சந்துகளுக்கு இன்னும் வரவில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி நிற்கிறது. லாரிக்காரர் வந்து 500 லிட்டர், 900 லிட்டர் என்று நிரப்பிவிட்டுப் போவார். அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் புரட்ட முடியாதவர்கள் பெட்ரோல் நிலையத்தில் 20 லிட்டர் கேனாக வாங்குகிறார்கள். கடையில் ஐந்து ஐந்து பவுண்டாக எண்ணெய் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிச் சேர்ப்பவர்களும் உண்டு. விறைக்கும் குளிரில் அந்த அட்டை எப்போது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்பதை நான் அந்த வாரத்தில்தான் யோசித்தேன்.

பாய்லர் காலை ஐந்தரைக்கு எரியும்படி நேரம் வைத்திருந்தார்கள். எரியும். சில நிமிடத்தில் அணையும். சிவப்பு விளக்கு வரும். அதற்கு 'லாக்அவுட்' என்று பெயர். உள்ளே ஃபோட்டோசெல் என்று ஒரு சின்னக் கண் இருக்கிறது. தீ எரிகிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. தீ தெரியாவிட்டால் எண்ணெயை நிறுத்திப் பூட்டிவிடும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி முயலும். ஆனால் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் அழுத்தலாம். எரியாத எண்ணெய் உள்ளே தேங்கிக்கொண்டே போய், கடைசியில் பற்றும்போது வெடிச்சத்தத்தோடு பற்றும். இது தெரியாமல் அக்கா ஒருநாள் ஏழு தடவை அழுத்தியிருக்கிறார். கேட்டதும் எனக்குக் குளிர் மறந்துவிட்டது.

எனக்கு முன்பே இரண்டு பழுதுபார்ப்பவர்கள் வந்து போயிருந்தார்கள். ஒருவர் எண்ணெயைத் தெளிக்கும் நாசிலை மாற்றினார். அடுத்தவர் ஃபோட்டோசெல்லை மாற்றினார். இருவரும் வந்தது மதியம் இரண்டு மணி வாக்கில். அப்போதெல்லாம் பாய்லர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அழகாக எரிந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கு நம்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். இந்த வகை பாய்லரில் புகையின் ஈரம் தண்ணீராகி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே போகும். பனியில் அது உறைந்தால் பாய்லர் நின்றுவிடும் என்று படித்திருந்தேன். இருட்டில் போய் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். நின்றது நின்றதுதான். என் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது மட்டுமே மிச்சம். தொட்டியில் எண்ணெயும் பாதிக்கு மேல் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நிகழ்ச்சிக்குக் கியூ ஷீட் எழுதுவதுபோல ஒரு தாளில் நேரம், வெளி வெப்பநிலை, கேட்ட சத்தம் மூன்றையும் குறித்தேன். முதல் காலை மைனஸ் 3, நின்றது. அடுத்தது மைனஸ் 4, நின்றது. மூன்றாம் நாள் இரவெல்லாம் மழை, 6 டிகிரி. அன்று நாள் முழுக்க நிற்கவே இல்லை. அம்மா அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தார். நான்காம் காலை மைனஸ் 2, மறுபடி சிவப்பு.

அன்று அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இன்னொருவரை அழைத்தோம். அறுபதைத் தாண்டியவர், ஆஃப்டெக் பதிவு பெற்றவர். அங்கே எண்ணெய் பாய்லரில் கை வைக்க அந்தப் பதிவு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர் தொலைபேசியில் இரண்டே கேள்வி கேட்டார். இரவில் பனி விழுந்ததா? அணைவதற்கு முன் என்ன சத்தம் வந்தது?

பத்தாண்டு வானொலி வேலைக்கு அன்று ஒரு பயன் கிடைத்தது. மின்விசிறி சுழலும் 'ம்ம்ம்', அதன்மேல் தீப்பொறியின் சடசடப்பு, வால்வு திறக்கும் 'டிக்', தீ பற்றும் 'வூஃப்', பிறகு பம்ப் கொசு மாதிரி ரீங்கரிக்க, இரண்டு இருமல், அமைதி. அத்தனையையும் வாயாலேயே செய்து காட்டினேன். அக்கா சிரித்ததை அந்தப் பயணத்தில் அப்போதுதான் பார்த்தேன். "நாளைக்குக் காலை எட்டுக்கு வருகிறேன், பனி உருகுவதற்கு முன்னால். அதுவரை எதையும் தொடாதீர்கள்" என்றார்.

வந்தவர் பாய்லர் பக்கமே போகவில்லை. டார்ச்சோடு நேரே பின்புறம் போனார். அங்கே எட்டேமுக்காலுக்குத்தான் சூரியன் வரும். தொட்டிக்கு அடியில் உள்ள வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றி எங்களிடம் காட்டினார். உள்ளே ஒரு வட்டப் பனிக்கட்டி. அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டுச் சமையலறை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேலே வெளிர் மஞ்சளாக மண்ணெண்ணெய், கீழே தெளிந்த தண்ணீர், நடுவில் கோடு போட்டது மாதிரி பிரிந்து நின்றன.

மண்ணெண்ணெய் இந்தக் குளிரில் உறையாது. ஆனால் தண்ணீர் உறையும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் போய் உட்காரும். அடியில் தேங்குவது வடிகால் பக்கம் ஓடும்படி தொட்டி லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். இங்கே அடித்தளம் இறங்கி, எண்ணெய் வெளியேறும் பக்கமாகவே சாய்ந்திருந்தது. மூடியிலும் விரிசல். ஃபெர்மானாவின் மழை மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. இரவில் வடிகட்டி உறைந்து எண்ணெய் வராது. மதியம் உருகிவிடும். பழுதுபார்ப்பவர் வருவதோ மதியம்.

அம்மா போத்தலைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்தார். "தோட்டத்துல கடைக்காரன் இப்படித்தான் தண்ணி கலந்து குடுப்பான். அடுப்பு பட்டுப் பட்டுன்னு இருமும். பாட்டி போத்தல்ல ஊத்தி வெச்சுக் காட்டி அவன்கிட்ட சண்டை போட்டாங்க." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் தொப்பியைக் கழற்றி அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

தொட்டியின் அடியிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். வடிகட்டி புதிது, மூடி புதிது. பம்பில் புகுந்த காற்றை வெளியேற்றினார். அடித்தளத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரருக்கு அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் எழுதிய குறிப்பையும் கேட்டு வாங்கி அதோடு இணைத்துக்கொண்டார்.

பெல்ஃபாஸ்டிலோ டப்ளினிலோ படிக்கப் போகிற பிள்ளைகள் வீடு எடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்காமல், எண்ணெயா எரிவாயுவா, தொட்டி எங்கே, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

ஊர் சுற்றியது ஒரே ஒரு மதியம். தெவனிஷ் தீவின் 12ஆம் நூற்றாண்டு வட்டக் கோபுரத்தை ஏரிக்கரையிலிருந்து பார்த்தேன். அதற்குள் அக்கா அழைத்து, பால் வாங்கி வரச் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்தின இரவு மைனஸ் 5. அம்மா இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஐந்தரைக்கு மூவருமே விழித்திருந்தோம். யாரும் பேசவில்லை. மின்விசிறி சுழன்றது. சடசடப்பு. 'டிக்'. 'வூஃப்'. அம்மா இருட்டில் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூறு தாண்டியதும் ரேடியேட்டர் குழாய் 'டங்' என்று சூடேறிச் சத்தம் போட்டது. குழந்தை புரண்டு படுத்தது.

"டேய், என் பாஸ்போர்ட்ட எங்க வெச்ச?" என்றார் அம்மா.