இரண்டு கைப்பிடிகள்



சென்ற மாதம் மக்ரிபுக்குப் பின் நடக்கும் ஓதல் வகுப்பில் பத்து வயது மாணவன் ஒருவன் மூன்றாம் நாளாகப் பாடம் ஒப்பிக்க இயலாமல் நின்றான். காரணத்தை அவனுடைய உம்மா சொல்லியனுப்பினார். வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பிய விளையாட்டுக் கருவியைத் தொலைக்காட்சியில் செருகிய நாள்முதல் பையன் வேறெதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம். "ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொன்னால் தூக்கிப் போட்டுவிடுவோம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லிவிட்டேன். கருவியைப் பார்க்காமலேயே சொன்னேன்.

அன்றிரவே பையனின் வாப்பா தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத் சொன்னால் சரிதான்" என்றார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. "அதில் இரண்டு கைப்பிடி இருக்கிறது ஹஜ்ரத். போன விடுமுறையில் நாற்பது நாள் ஊரில் இருந்தேன். ஸலாம் சொல்வான், விலகிப் போய்விடுவான். இந்த முறையாவது பக்கத்தில் உட்காருவானே என்றுதான் வாங்கினேன்."

மறுநாள் கருவியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். விரல் நீளத் துண்டு ஒன்று. கம்பியில்லாக் கைப்பிடிகள் இரண்டு. உறையின்மேல் பத்தாயிரம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது. 1990களில் நம் காயல்பட்டினத்துச் சபராளிகள் ஹாங்காங்கிலிருந்தும் துபாயிலிருந்தும் கொண்டுவந்த பெட்டிகளிலும் இலட்சக்கணக்கில் எண் போட்டிருக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், 1961 வரைக்கும், சிப்பிகளைத் திறக்காமலே ஏலம் விட்டார்கள். 'கரர்' பாடத்துக்கு அந்தச் சிப்பியைத்தான் உதாரணம் காட்டுவேன். இனி இந்த உறையையும் காட்டலாம்.

அதிலிருந்த பாக்மேன் 1980இல் வந்தது, கேலகா 1981இல். இரண்டும் காசு போட்டு ஆடும் கடை இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்டவை. சில நிமிடங்களில் தோற்கவேண்டும், அடுத்த காசு விழவேண்டும். அதற்கேற்பவே ஆட்டத்தின் கடினம் ஏறிக்கொண்டு போகும். பணயம் வைத்து வெல்வது அதில் இல்லாததால், அல்மாயிதா அத்தியாயம் தடுக்கும் மைசிரில் அதை நான் சேர்க்கமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தபோது காசுப்பெட்டி மட்டும்தான் கழன்றது. 'இன்னும் ஒருமுறை' என்னும் அரிப்பு அப்படியே தங்கிவிட்டது. காசின் இடத்தில் இப்போது பிள்ளையின் நேரம் விழுகிறது. அந்த உம்மாவின் கவலை வீண் கவலை அன்று.

ஆயினும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. என் வாப்பாவும் சபராளிதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்படியொரு பெட்டியோடு வந்தார். கான்ட்ரா என்னும் ஆட்டத்தை இருவர் சேர்ந்து ஆடலாம். என் உயிர்கள் தீர்ந்துவிட்டால் வாப்பாவின் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுப்பேன். "எடுத்துட்டியாடா?" என்று சிரிப்பார். பாங்கு ஒலித்ததும் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துவார். ஆட்டம் உறைந்து நிற்கும். பள்ளிக்குப் போய்த் தொழுது திரும்பி, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வோம். கடை இயந்திரத்தில் அந்தப் பொத்தான் கிடையாது. வாப்பா மவ்த்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய முகம் எனக்குப் பெரும்பாலும் அந்தத் திரை வெளிச்சத்தில்தான் நினைவிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். ஆனால் வீட்டாரோடு விளையாடுவதற்கு ஒருவர் என்னிடம் வழி கேட்டபோது, அது என் நினைவுக்கு வரவில்லை.

உம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன், தூக்கிப் போட வேண்டாம் என்று. பாடம் ஒப்பித்த வாரத்தில், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம். அஸர் பாங்கு கேட்டால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் பொத்தானை அழுத்தவேண்டும். முதல் வெள்ளி அழுதானாம். இரண்டாவது வெள்ளி தானே அழுத்தினானாம். யாஸீனில் அரைப் பக்கம் பாடமாகியிருக்கிறது. வேகம் போதாது, பார்க்கலாம்.

வாப்பா ரஜபு மாதம் வருகிறார். இரண்டாவது கைப்பிடியை அதுவரை யாரும் தொடக்கூடாது என்று பையன் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறானாம்.