மைல்ட் என்றால் சாது என்று அர்த்தமில்லை

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். இது பீர் காய்ச்சுறதைப் பத்தின பதிவு. நம்ம தமிழ்நாட்டுல வீட்டுல இதைப் பண்ணினா போலீஸ் வரும். நான் இருக்கறது இங்கிலாந்தோட வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பக்கம். இங்கே 1963ல ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சரா இருந்தப்ப, சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. விக்க மட்டும் கூடாது. அதனால மொட்டை மாடி ஐடியா ஏதாவது தோணிச்சுன்னா இங்கேயே நிறுத்திக்கோங்க :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'மைல்ட்'னு ஒரு பீர் வகை இருக்கு. இன்னிக்கு பப்ல கேட்டா (கிடைச்சா!) கறுப்பா, லேசா இனிப்பா, மூணு மூணரை சதவீத ஆல்கஹாலோட ஒண்ணு வரும். பேரைப் பார்த்துட்டு எல்லாரும் 'மைல்ட்னா மென்மையானது, போதை கம்மி'ன்னு நினைச்சுக்கறாங்க. ஆனா அந்தப் பேருக்கு ஆதியில அர்த்தமே வேற. மைல்ட்னா புதுசு. பீப்பாய்ல போட்டு மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஊற வைக்காம, காய்ச்சின சில வாரத்துல குடிச்சுடற பீர். ஊற வைச்சு லேசாப் புளிப்பேறினது 'ஓல்ட்'. நம்ம பாஷையில சொன்னா, இன்னிக்கு அரைச்ச மாவுக்கும் மூணு நாள் மாவுக்கும் உள்ள வித்தியாசம். அதுல வீரியத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

19ஆம் நூற்றாண்டு லண்டன் ப்ரூவரிகள்ல மைல்டுக்கு எக்ஸ், டபுள் எக்ஸ், ட்ரிபிள் எக்ஸ்னு குறி போடுவாங்க. எக்ஸ் கூடக்கூட வீரியம் கூடும். ஊற வைக்கிற பீருக்கு கே எழுத்து. 1830கள்ல இருக்கறதுலயே சின்ன எக்ஸ்கூட கிட்டத்தட்ட ஏழு சதவீதம் ஆல்கஹால். இன்னிக்கு மைல்டோட இரண்டு மடங்கு! இன்னொரு சங்கதி, அது கறுப்பே இல்லை. வெறும் பேல் மால்ட்டும் ஹாப்ஸும்தான், பொன்னிறம். அப்ப வேற எதையும் சேர்க்க வழியும் இல்லை. 1816 சட்டப்படி மால்ட், ஹாப்ஸ் தவிர எதைப் போட்டாலும் அபராதம். சர்க்கரைக்கு அனுமதி கிடைச்சதே 1847ல.

இதெல்லாம் எப்படித் தெரியும்? ப்ரூவரி கணக்குப் புத்தகங்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எவ்வளவு மால்ட், எவ்வளவு ஹாப்ஸ், தண்ணி என்ன சூடு, எத்தனை நாள் நொதிச்சதுன்னு வரிவரியா எழுதி வெச்சிருக்காங்க. வரி கட்டணுமே! பார்க்ளே பெர்கின்ஸ் மாதிரி பெரிய லண்டன் ப்ரூவரிகளோட ஏடுகள் 'தி லண்டன் ஆர்க்கைவ்ஸ்'ல (முன்னாடி லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ்னு பேரு) இருக்கு. ரான் பேட்டின்சன்னு ஒரு மனுஷன் பல வருஷமா அதைத் தோண்டித் தோண்டி எழுதிட்டிருக்கார். 2014ல அவர் வீட்டுல காய்ச்சறவங்களுக்காகப் போட்ட புத்தகம்தான் என்னை இதுல தள்ளிவிட்டது.

அந்த ஏட்டைப் படிக்கறது சித்தர் பாட்டுக்கு உரை எழுதற மாதிரி. உதாரணத்துக்கு, பீரோட அடர்த்தியை 'பீப்பாய்க்கு இத்தனை பவுண்டு'ன்னு எழுதியிருப்பாங்க. ஒரு பீப்பாய்னா 36 காலன். அந்த அளவு தண்ணி 360 பவுண்டு எடை. அதே பீப்பாய்ல மால்ட் சாறு 20 பவுண்டு கூடுதலா எடை இருந்தா '20'ன்னு குறிப்பாங்க. ஒரு பவுண்டுக்கு 2.77 புள்ளின்னு பெருக்கினா நம்ம ஹைட்ரோமீட்டர் கணக்குல 1055 வரும். பீப்பாய்க்கு 164 லிட்டர், என் பாத்திரத்துக்கு 20 லிட்டர். எல்லாத்தையும் எட்டே சொச்சத்தால வகுத்துக்கணும். குவார்ட்டர்னு ஒரு அளவு இருக்கு பாருங்க, அது பார்லிக்கு 448 பவுண்டு, மால்ட்டுக்கு 336 பவுண்டு. ஒரே பேரு, இரண்டு எடை. வெள்ளைக்காரன் கணக்கு!

பொன்னிறமா, முரட்டுத்தனமா இருந்த பீர் எப்படிக் கறுத்து இளைச்சுது? இதுக்கு சமையல்காரர் காரணமில்லை, சர்க்கார்தான் காரணம்.

1880ல கிளாட்ஸ்டன் மால்ட் மேல இருந்த வரியைத் தூக்கிட்டு, காய்ச்சின சாறோட அடர்த்திக்கு வரி போட்டார். எதை வேணா போட்டுக் காய்ச்சு, அடர்த்திக்குத் தகுந்தாப்ல கட்டு. உடனே சர்க்கரையும் மக்காச்சோள அவலும் உள்ளே வந்துது. அந்த நூற்றாண்டு முடியற சமயத்துல மைல்ட் மெல்லக் கறுக்க ஆரம்பிச்சுது. அப்புறம் முதல் உலகப்போர். 1914 நவம்பர்ல லாய்ட் ஜார்ஜ் பீர் வரியை மூணு மடங்காக்கினார். தானியம் சாப்பாட்டுக்கு வேணும்னு 1917ல உற்பத்தியையே வெட்டினாங்க. 1914ல சராசரி 1052 சுமாரா இருந்த பீர் அடர்த்தி, 1918ல 1030 சுமாருக்கு வந்துடுச்சு. போர் முடிஞ்சு கொஞ்சம் ஏறிச்சு. 1931ல ஸ்னோடன் பட்ஜெட்ல மறுபடி வரி, மறுபடி இறக்கம். ஆக ஒரு கிளாஸ் மைல்ட்ல இருக்கறது பாதி தண்ணி, பாதி பட்ஜெட்.

இதைப் படிச்சதும் எனக்குத் தோணினது, 'அசல்' மைல்டைக் காய்ச்சணும்னா 1830க்குத்தான் போகணும், மத்ததெல்லாம் கலப்படம்னு. இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட சொன்னேன். எண்பதைத் தாண்டினவர். இரும்பு வார்ப்புப் பட்டறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவங்க அப்பாவும் அதே பட்டறை. இந்தப் பக்கத்துக்கு 'பிளாக் கன்ட்ரி'ன்னே பேரு. நிலக்கரி, சங்கிலிப் பட்டறை, இரும்புன்னு புகையாவே இருந்த ஊர். மைல்ட் இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்கற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. அவர் சிரிச்சுட்டு, "காய்ச்சு, குடிச்சுப் பார்த்துட்டு சொல்றேன்"னார்.

இரண்டு காய்ச்சினேன்.

முதலாவது 1830கள் பாணி. பேல் மால்ட் ஆறே கால் கிலோ, கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 120 கிராம், அவ்வளவுதான். 66 டிகிரி தண்ணியில மால்ட்டை ஊற வைச்சு, சாறு வடிச்சு, கொதிக்க வைச்சு, ஆற வைச்சு ஈஸ்ட் போடணும். அடர்த்தி 1070. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா வந்துது.

இரண்டாவது 1950கள் பாணி, அடர்த்தி 1034. பேல் மால்ட் இரண்டு கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், மக்காச்சோள அவல் கால் கிலோ, ஃபக்கிள்ஸ் ஹாப்ஸ் வெறும் 25 கிராம். அப்புறம் முக்கியமான சாமான், மூணாம் நம்பர் இன்வர்ட் சர்க்கரை 400 கிராம்.

இந்த இன்வர்ட் சர்க்கரை பத்தித் தனியாச் சொல்லணும். சர்க்கரைப் பாகுல துளி அமிலம் சேர்த்துக் காய்ச்சினா, சர்க்கரை மூலக்கூறு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு இரண்டா உடையும். அப்புறம் கல்கண்டா உறையாது. குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போகாம இருக்க வீட்டுல எலுமிச்சம்பழம் பிழியறாங்களே, அதே ரசாயனம்தான். நம்ம அம்மாக்கள் எல்லாரும் ப்ரூவரி கெமிஸ்டுங்க! வீட்டுல பண்ண, வெள்ளைச் சர்க்கரை உதவாது, சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை வேணும். தண்ணி, அரை ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு 115 டிகிரிக்கு ஏத்தணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா அதிரசப் பாகு பதம், தண்ணியில ஒரு சொட்டு விட்டா உருட்ட வரணும். அங்கேயே சின்ன தீயில பிடிச்சு வைக்கணும். அரை மணியில ஒண்ணாம் நம்பர், வைக்கோல் நிறம். மூணு மணி நேரம் போல நின்னா மூணாம் நம்பர், கருஞ்சிவப்பு. அந்த மூணு மணி நேரத்துல வீடு பூரா பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் சேர்ந்த ஒரு வாசனை. மைல்டோட கறுப்பும் பாதி ருசியும் இங்கேர்ந்துதான் வருது, கறுக்க வறுத்த மால்ட்லேர்ந்து இல்லை.

இரண்டும் தயாரானதும் பெரியவரைக் கூப்பிட்டேன். முதல்ல 1830. இரண்டு வாய் குடிச்சார். "நல்ல பீர். ஆனா இது மைல்ட் இல்லை"ன்னார். நான் ஏடு, வருஷம், எக்ஸ் எல்லாம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு அடுத்ததை எடுத்தார். அதைக் குடிச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. கிளாஸ் பாதி ஆனதும் சொன்னார்:

"உலைக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கறவனுக்கு உடம்புல இருக்கற தண்ணி பூரா வேர்த்துப் போயிருக்கும். எங்கப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அஞ்சு பைண்ட் குடிப்பார். மறுநாள் காலைல திரும்ப உலைக்குப் போவார். உன்னோட முதல் பீரை அஞ்சு பைண்ட் குடிச்சா இரும்புக் குழம்புல விழுந்திருப்பார்."

எனக்குச் சுருக்குனு உறைச்சுது. வரியும் போரும் மைல்டை இளைக்க வெச்சது நிஜம். ஆனா இளைச்ச அந்த பீரைத் தங்களோடதா ஆக்கிக்கிட்டது அந்த உலைக்காரங்க. விலை கம்மி, தாகத்துக்கு நாலஞ்சு குடிக்கலாம், இனிப்பு கொஞ்சம் தெம்பு. இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்துல பப்கள்ல அதிகம் ஓடினது இதுதான். 1960கள்ல பிட்டர் முந்திச்சு, பின்னாடி லாகர் வந்து இரண்டையும் அமுக்கிச்சு. பட்டறைங்க மூடினப்ப மைல்டும் கூடவே போச்சு. 'கிழவங்க குடிக்கிறது'ன்னு பேராச்சு.

முழுசாப் போகலைங்கறதையும் சொல்லிடணும். காம்ரா அமைப்பு வருஷாவருஷம் மே மாசத்தை மைல்டுக்குன்னு ஒதுக்குது. அவங்க கொடுக்கற பிரிட்டனோட சாம்பியன் பீர் பட்டத்தை 2000ல மூர்ஹவுஸ் பிளாக் கேட், 2007ல ஹாப்சன்ஸ் மைல்ட், 2009ல ரட்கேட் ரூபி மைல்ட் வாங்கியிருக்கு. செட்ஜ்லியில பீக்கன் ஹோட்டலுக்குப் பின்னாடி காய்ச்சற சாரா ஹ்யூஸ் டார்க் ரூபி, 1920கள்ல அந்த அம்மா பண்ணின பக்குவத்தை 1987ல அவங்க பேரன் மறுபடி எடுத்தது. ஆறு சதவீதம். கறுப்பு, ஆனா சாது இல்லை! இளைச்ச மைல்டே எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இளைக்கலைங்கறதுக்கு அதுவே சாட்சி.

அப்ப அசல் எது? ஏடு பொய் சொல்லலை. பெரியவரும் பொய் சொல்லலை. ஏட்டுல மால்ட் கணக்கு இருக்கு, வரிக்கணக்கு இருக்கு. குடிச்சவன் எந்த வேலையிலேர்ந்து வந்தான், எத்தனை குடிச்சான், மறுநாள் எழுந்தானாங்கறதுக்கு அதுல கட்டம் கிடையாது. பழைய பக்குவத்தைத் திரும்பச் செய்யறவங்க, பீரோ, பாட்டி கைப்பக்குவமோ, அளவைப் பிடிச்சுட்டா ஆளைப் பிடிச்சுட்டதா நினைச்சுக்கறோம். 'அந்தக் காலத்துல இப்படித்தான்'னு யாராவது அடிச்சுச் சொன்னா, எந்தக் காலத்துல, யாருக்குன்னு கேட்டுக்கறது நல்லது.

என் காய்ச்சல் நோட்டுல இப்ப ஒரு கட்டம் கூடுதலாப் போட்டிருக்கேன். மால்ட், ஹாப்ஸ், அடர்த்தி, சூடு, அதுக்குப் பக்கத்துல 'யார் குடிச்சது, என்ன சொன்னார்'. 1950கள் காய்ச்சலுக்கு நேரே எழுதினது: 'அடுத்த தடவை சர்க்கரை இன்னும் ஒரு கை கூடணுமாம். ஆறு பாட்டில் எடுத்துட்டுப் போயிட்டார்.'

பி.கு: 1830கள் பீர் இன்னும் நிறைய மிச்சம் இருக்கு. ஒரு வருஷம் வெச்சா அது 'ஓல்ட்' ஆகிடும். அப்ப அதுக்கு ஒரு தனிப் பதிவு :-)