ரெண்டு பாகம் கயிறு

மண்டபம் வடக்குக் கடற்கரை. ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலத்தில் பாதி கழிந்துவிட்டது. விசைப்படகுகள் கரையேறி, வயிற்றைக் காட்டிச் சாய்ந்து கிடக்கின்றன. எங்கோ ஓர் ஓடாவி பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கிறார். உளிச்சத்தம் விட்டு விட்டு வருகிறது. கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

எதிர்ப்படகில் என்ஜின் அறை மூடி திறந்திருக்கிறது. மெக்கானிக்கின் தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிகின்றன. போன வருஷம் சைலன்சர் குழாயில் சுற்றிய அஸ்பெஸ்டாஸ் கயிற்றைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். கயிறு என்று பெயர்தான். எண்ணெய் குடித்து, சூட்டில் வெந்து, பொரித்த அப்பளமாய் உதிர்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப நெம்ப வெள்ளைத் தூள் கிளம்பி, மூடி வழியே விழும் வெயிலில் மிதக்கிறது. வெளியே கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது. அந்தக் குழிக்குள் அதற்கு வழியில்லை. தூள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் துண்டு தலையில் இருக்கிறது, மூக்கில் இல்லை.

"எவ்வளவுண்ணே?" மேல்தளத்தில் புதுச் சுருளோடு நிற்கும் பையன் கேட்கிறான்.

"ரெண்டு பாகம் வெட்டுடா."

கை இரண்டையும் விரித்து, கயிற்றை நெஞ்சோடு அணைத்து அளக்கிறான். கடலாழம் பார்க்கிற அதே பாகம். வெட்டிய முனை பிரியாமலிருக்க நாக்கில் தொட்டு முறுக்குகிறான். நல்ல வெள்ளை, பஞ்சுபோல மெத்தென்றிருக்கும். கல்லிலிருந்து எடுத்த நூல் என்றால் அவன் சிரிப்பான். தீயில் போட்டாலும் எரியாது என்பதுதான் இதன் பெருமை. நெஞ்சுக்குள் போனாலும் அப்படித்தான்: கரையாது, மக்காது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருக்கிறார். எண்பதுகளில் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருந்தவராம். என்னிடம் சொல்லவில்லை, டீ கொண்டுவந்தவரிடம் சொல்கிறார்.

"கப்பல் கொதிகலன் குழாய்ல... சுத்தியிருக்கும் மாப்ள. அதப் பிச்சு... மூட்டை கட்டணும். மாவு மில்லுக்குள்ள... நிக்கிறாப்புல இருக்கும்."

நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"டாக்டர்ட்ட சொன்னியளா மாமா?"

"பீடி குடிப்பியளான்னுதான்... கேட்டாரு."

அந்த உறை மேலும் கீழும் ஆடுகிறது. அதற்குள் இருப்பது அஸ்பெஸ்டாஸ் நோய்தானா என்று சொல்ல நான் மருத்துவனில்லை. ஆனால் இந்தத் தூள் பத்து, இருபது, நாற்பது வருஷம்கூடக் காத்திருந்து வேலையைக் காட்டும். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்நோய்க்கு இடமிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. நோயால் வேலைக்குப் போகமுடியாமல் நின்ற நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்பார்கள். 1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. அஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும், அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் நோயை உறுதிசெய்தால் ஒரு லட்ச ரூபாய் தர வேண்டும் என்றது.

பதிவேடு! எதிர்ப்படகின் என்ஜின் அறைப் பலகையில் கரியால் எழுதியிருக்கிறது: நாலு கோடு, பக்கத்தில் ஒரு பாதிக் கோடு. மெக்கானிக்கின் நாலரை நாள் கூலி. இன்று இந்த முதலாளி, நாளை அடுத்த படகு. பெயின்ட் அடிக்கும் அன்று கோடுகளும் போய்விடும். பெரியவருக்கோ அக்கரைச் சட்டம். அங்கேயும் இந்த நோய்க்கு இழப்பீடு உண்டு. கேட்க வேண்டுமானால் யாரிடம் வேலை பார்த்தேன் என்று காட்ட வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு பழைய பாஸ்போர்ட்டும் 'ஒரு சீனன்' என்ற ஞாபகமும். இதையும் டீக்காரரிடம்தான் சொன்னார்.

2006 பிப்ரவரியில் 'கிளமன்சோ' என்ற பழைய போர்க்கப்பல், குஜராத் அலங்கில் உடைக்கப்பட வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த அஸ்பெஸ்டாசுக்காக உலகமே சண்டை போட்டது. பிரான்ஸ் அதிபர் சிராக் திரும்பி வரச் சொன்னார். கடைசியில் அதை இங்கிலாந்தில் உடைத்தார்கள். கப்பலைத் திருப்பலாம். ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய சுருளை யார் திருப்புவது?

மதியமாகிறது. தூக்குவாளியோடு ஒரு சிறுமி மணலில் குதித்துக் குதித்து வருகிறாள். மெக்கானிக் மேலே ஏறி, பழைய கயிற்றுத் துண்டுகளைச் சாக்கில் அள்ளிப்போட்டுவிட்டு இறங்குகிறார். சட்டையை இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

"அய்ய, அத்தாவுக்கு முடியெல்லாம் நரைச்சுப்போச்சு!"

அவர் குனிகிறார். அவள் எக்கி நின்று, அவர் தலையில் வாய் வைத்து ஊதுகிறாள்.