மேல் அடுக்கில் பிறர் துணி

கோத்தா திங்கியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பொருள்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்தாலே போதும். வீட்டார் 2006க்கு முன்பிருந்தே இங்கே இருப்பவர்களா, பிறகு குடிவந்தவர்களா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பழையவர்கள் வீட்டில் அரிசி மூட்டை தரையில் இருக்காது. பிறப்புப் பத்திரமும் வீட்டுப் பத்திரமும் அலமாரி உச்சியில்தான். அந்த ஆண்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஜொகூர் ஆறு கரை மீறி ஊருக்குள் வந்தது. சேற்றை வழித்துச் சுவரைக் கழுவி நிமிர்வதற்குள், 2007 ஜனவரி இரண்டாம் வாரத்தில் மறுபடியும் வந்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

எங்கள் பின்கட்டுத் தையலறையை இந்த ஆண்டு பிரித்து அடுக்க உட்கார்ந்தபோது எனக்கு எழுந்த முதல் கேள்வியும் உயரத்தைப் பற்றியதுதான். அம்மா காலமெல்லாம் தைத்த அறை அது. அவருக்குக் கண் மங்கிய பிறகு நான் தைக்கிறேன். விலையைப் பார்த்து அடுக்குவதென்றால் மெஷினும் பட்டுத் துணியும் மேலே போக வேண்டும். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. தையலறையில் கிடப்பவற்றில் பாதி நம்முடையவை அல்ல. ஒரு பொருள் யாருடையது என்பதுதான் அங்கே முதலில் பார்க்க வேண்டியது. விலையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இங்கே தையல் வேலை குவிகிற நாளும் மழை குவிகிற நாளும் ஒட்டியே வருகின்றன. தீபாவளி ரவிக்கைகளைக் கொடுத்து முடிக்கையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். மார்ச் வரை அதை நம்ப முடியாது. 2006இல் டிசம்பர் கடைசி நாளில் ஹரி ராயா ஹஜிப் பெருநாள், அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பொங்கல். ஆறு வந்த நாள்களில் அறை நிறைய ஊராரின் துணி. வெட்டி வைத்தவை, கை ஒட்டாதவை, கொக்கி வைக்காதவை. வெளியேறச் சொன்னபோது அம்மா தன் சேலைப் பெட்டியைத் தொடவில்லை. வெட்டிய துணிகளை ஆள்வாரியாக முடிச்சிட்டு, நெகிழிப் பைகளில் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வந்தார். "நம்மது போனா நாம அழுதுக்கலாம். அடுத்தவங்க துணிக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். நிவாரண மையத்தில் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கொக்கி தைத்துக்கொண்டிருந்ததை இன்றும் சிலர் என்னிடம் சொல்வார்கள்.

மெஷின் தண்ணீருக்குள் கிடந்தது. மாதத் தவணையில் வாங்கிய மிதி மெஷின், சிங்கர். 1850களிலேயே தவணை முறையில் மெஷின் விற்கத் தொடங்கிய கம்பெனி அது. கையில் மொத்தமாகப் பணம் பார்த்திராத தோட்டத்துப் பெண்கள் வீட்டிலும் அந்தக் கறுப்பு மெஷின் நின்றதற்கு அதுவே காரணம். வார்ப்பிரும்பு அல்லவா, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றியதும் ஓடியது. மேசைப் பலகைதான் ஊதிப் பிரிந்துபோயிற்று. அளவு நோட்டும் நனைந்தது. ஆனால் அம்மா எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். மை கரையும், பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. தாளுக்குத் தாள் பழைய பேப்பர் செருகிக் காற்றாடிக்கடியில் உலர்த்தினோம். தோள், மார்பு, இடுப்பு, கைநீளம், முன்கழுத்து, பின்கழுத்து எல்லாம் அப்படியே இருந்தன.

அதனால் என் அடுக்கில் மிதி மெஷினுக்குத் தரையே இடம். மின்சார மெஷினும் ஓவர்லாக்கும் உறுதியான மேசைமேல். மோட்டாருக்குள் சேறு போனால் மீட்பது கடினம். எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்குக் கீழ் உள்ள அடுக்கில் அளவு நோட்டுகள், அளவு ரவிக்கைகள், தைக்க வந்த துணிகள்.

வீட்டை ஒழிப்பது பற்றி மரியே கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணி 2011இல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் போயிற்று. ஒரே வகைப் பொருளை எல்லாம் ஓரிடத்தில் குவித்துப் பாருங்கள் என்கிற அவருடைய வழி நல்ல வழி. கத்தரிக்கோல்களைக் குவித்தபோதுதான் காகிதம் வெட்டியே முனை மழுங்கியவை எவை, துணிக்கு உகந்தவை எவை என்று பிரிக்க முடிந்தது. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்து அது நமக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கிற அவருடைய கேள்வி தையலறைக்குப் பொருந்தாது. காஜா எடுக்கும் கட்டையைப் பார்த்து யார் மகிழ்வது? அது இல்லாத அன்றுதான் அதன் அருமை தெரியும். இன்னொருத்தியின் கல்யாண ரவிக்கையை என் மகிழ்ச்சியை வைத்து நான் எப்படி நிறுப்பேன்?

கழிக்க வேண்டியதைத் தயங்காமல் கழித்தேன். எலாஸ்டிக் சுருள்களில் பாதி பிசுபிசுத்தும் மீதி நொறுங்கியும் கிடந்தன. ரப்பர் மரம் வளர்ந்த இந்த மண்ணிலேயே ரப்பர் சீக்கிரம் சாகிறது. வெப்பமும் காற்றும் அதை விட்டுவைப்பதில்லை. பழைய பருத்தி நூல்கண்டு ஒவ்வொன்றையும் ஒரு முழம் இழுத்துப் பார்த்தேன். நல்ல நூல் விரலை அறுக்கும், செத்த நூல் சத்தமில்லாமல் விடும். அத்தகைய நூலில் தைத்தால் தையல் மெஷினில் விடாது, கல்யாண வீட்டில் குனிகிறபோது விடும். துருவேறிய ஊசிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பசைநாடா சுற்றினேன். குப்பை அள்ளுகிறவர் கையும் கைதானே. பருத்தித் துணுக்குகள் எண்ணெய் துடைக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போயின. மிச்சமான கொக்கிகளும் பொத்தான்களும் சதுர ஹப் செங் பிஸ்கட் டின்களில், சிலிக்கா பொட்டலத்தோடு. இந்த ஈரக் காற்றுக்கு அந்த அழுத்து மூடியைவிட நல்ல காவல் இல்லை.

அம்மாவின் காகித வெட்டுகளைக் கழிக்கவில்லை. பெரும்பாலானவை தமிழ் நேசன் தாளில் வெட்டியவை. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. ஒரு முதுகுப் பக்கத்தில் பழைய சினிமா விளம்பரம், ஒரு கையில் பாதி மரண அறிவித்தல். ஆனாலும் நினைவுக்காக மட்டும் அவற்றை வைக்கவில்லை. அந்தக் கக்க வளைவு இன்றும் சரியாக உட்காருகிறது. தடித்த பழுப்புத் தாளில் படி எடுத்துவிட்டு மூலத்தைச் சுருட்டிக் குழாயில் வைத்தேன். அவற்றோடு மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கின் மாதிரியும் இருக்கிறது. ஜொகூர் கூரோங்குக்குக் காலர் கிடையாது. வட்டக் கழுத்தின் ஓரத்தைக் கையாலேயே நெருக்கி முடிக்கும் துலாங் பெலூட் தையல்தான் அதன் அழகு. அக்குளில் வைக்கும் சின்னச் சதுரம் கேக்கேக், பக்கங்களில் விரியும் துண்டு பெசாக். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், அதாவது மலாய் அத்தையிடம், உட்கார்ந்து அம்மா கற்ற வேலை இது. மக்சிக் பழகத் தந்த துணித்துண்டில் அவர் போட்ட தையலும் அம்மா போட்ட தையலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதுவும் மேல் அடுக்குக்குப் போயிற்று.

பெரிய வேலை வாங்காத துணிகளில்தான் இருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதும் தோட்டங்களில் ஆள் தேவை குறைந்தது. மாசாய், பாசிர் கூடாங், ஜொகூர் பாரு என்று குடும்பங்கள் சிதறின. போன அவசரத்தில் தைத்த ரவிக்கையை வாங்காமல் போனவர்கள் பலர். கூலி தர முடியாத கூச்சத்தில் வராமல் போனவர்களும் உண்டு, அம்மாவுக்கு அது தெரியும். ஒவ்வொரு முடிச்சிலும் பென்சிலில் ஒரு துண்டுச் சீட்டு. பெயர், தோட்டம், எத்தனையாவது லயம்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எங்கிருந்தாலும் வருவார்கள். இந்த முறை முடிச்சுகளை அங்கே தூக்கிப்போய் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் பரப்பினேன். கூலி பேச்சே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெண்கள் சீட்டுகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். ஒருவர் தன் பட்டு ரவிக்கையை உடம்போடு வைத்துப் பார்த்து, இனி எங்கே என்று கைவிட்டார். உள்ளே திருப்பிக் காட்டினேன். இரண்டு பக்கமும் அம்மா ஒரு அங்குல உள்தையல் விட்டிருந்தார். பிரித்துத் தைத்தால் சேரும். ஒரு சின்னப் பெண் தன் இறந்துபோன தாயின் அளவு ரவிக்கையை வாங்கிக்கொண்டாள். தோள் அகலத்தை விரலால் அளந்து, "அம்மா இவ்வளவு ஒல்லியாவா இருந்தாங்க, அக்கா?" என்று கேட்டாள். அளவு நோட்டில் அவர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஆறு தீபாவளிக்கு ஆறு அளவுகள் இருந்தன. முதலாவது இவளைச் சுமந்த ஆண்டினுடையது. போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

இன்னும் சில முடிச்சுகள் மீதியிருக்கின்றன. ஓர் ஆண்டுக்கு மேல் வாங்காததைக் கொடுத்துவிடலாம், அதுதான் கடைகளில் வழக்கம் என்று தங்கை சொல்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான், இடமில்லை. இந்தத் தீபாவளிக்கு வருகிறவர்களிடம் விசாரித்துப் பார்ப்பேன். பொங்கல் வரை யாரும் கேட்டு வராவிட்டால் ஒரு முதியோர் இல்லத்தில் அளவு பொருந்துகிறவர்களுக்குத் தைத்துச் சரிசெய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சீட்டுகளை மட்டும் கிழிக்காமல் அளவு நோட்டில் ஒட்டி, யாருக்குக் கொடுத்தது என்று பக்கத்தில் பென்சிலில் எழுதி வைப்பேன்.