பாலடின்: சட்டத்திலிருந்து சபதத்துக்கு

பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாலடின் என்கிற புனிதப் போர்வீரன்தான். ஒவ்வொரு பதிப்பிலும் அவன் மாறிவந்த கதை சுவாரஸ்யமானது.

1975இல் கிரேஹாக் இணைப்பு நூலில் அறிமுகமானபோது பாலடின் ஆவதே குதிரைக்கொம்பு. கரிஸ்மா என்கிற ஆளுமை மதிப்பெண் குறைந்தது 17 வேண்டும். மூன்று பகடைகளை உருட்டி 17 அல்லது 18 விழும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு! 1978இன் அட்வான்ஸ்டு விதிகளில் கெடுபிடி இன்னும் அதிகம்: மனிதர்கள் மட்டும்தான், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம், மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் கூடாது. தெரிந்தே ஒரு தீமை செய்தால் பட்டம் நிரந்தரமாகப் போய்விடும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா இனத்தாருக்கும் கதவைத் திறந்தது. 'லாஃபுல் குட்', அதாவது சட்டத்தை மதிக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்கிற அறச்சார்பு நிபந்தனையை மட்டும் விடவில்லை. 2008இன் நான்காம் பதிப்பில் அதுவும் போனது. அவரவர் தெய்வத்தின் அறச்சார்போடு ஒத்துப்போனால் போதும். 2014இல் ஐந்தாம் பதிப்பு சபதத்தை மையமாக்கியது. பழிவாங்கச் சபதம் எடுத்தவனும் பாலடின்தான்.

பழைய விதியில் பல மேசைகளில் ஒரே சண்டை: ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் பொறி வைப்பார், பாலடின் விழுவான். அறம் என்பது தண்டனைப் பட்டியலாகிவிட்டது. இப்போது எந்தச் சபதம் என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். அதைக் காப்பதா மீறுவதா என்பதே கதையாகிறது. என் ஓட்டு புதியதற்கே.

பழைய கட்சிக்காரர்கள் கமென்டில் வாங்க, பேசுவோம்!