அனுமதியும் அரணும்

மேகத்தினூடே இறங்கும் விமானி நிலத்தைக் காண்பதில்லை. அவர் காண்பன கருவிகளும், விமான நிலையத்தை அணுகும் வழியை வரைந்த படமொன்றுமே. அவ்வழியின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய உயரம் படத்தில் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணின் கீழே கோடிருப்பின் அவ்வுயரத்திற்குக் கீழே செல்லலாகாது. மேலே கோடிருப்பின் மேலே செல்லலாகாது. இரு கோடுகளும் இருப்பின் அவ்வுயரத்திலேயே கடத்தல் வேண்டும். இவ்வெண்களின் பின்னால் மலையோ, கோபுரமோ, குறுக்கே செல்லும் பிறிதொரு விமானமோ இருத்தல் கூடும்.

படத்தோடு குரலொன்றும் உண்டு. அது தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரின் குரல். 'இறங்கலாம்' என்று அக்குரல் கூறும்போது படத்தின் எண் செல்லாததாகி விடுமா? இவ்வினாவின் பாரதூரத்தை 1974ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் வாரம் உலகிற்கு உணர்த்திற்று.

டிசெம்பர் 1ஆந் திகதி டி.டபிள்யூ.ஏ. 514ஆம் இலக்க விமானம் வாஷிங்டன் அருகேயுள்ள டலஸ் விமான நிலையத்தை நோக்கி வந்தது. ஏறத்தாழ 44 கடல்மைல் தொலைவிலேயே நிலையத்தை அணுகும் அனுமதி கிடைத்தது, உயரம் குறிப்பிடப்படவில்லை. 1,800 அடிக்கு இறங்கலாமென விமானிகள் கொண்டனர். அவ்வெண் படத்தில் இருந்தது மெய்யே; ஆயின் அது அவர்கள் இன்னும் எட்டாத பகுதிக்குரியது. இடைப்பட்ட பகுதிக்குப் படம் விதித்தது 3,400 அடி. தலைமை விமானி அதனைக் கண்டும், அனுமதியே மேலானதென எண்ணினார். வேர்ஜினியாவின் மவுண்ட் வெதர் மலையில் 92 பேர் மாண்டனர்.

மூன்று நாட்களின் பின் அதே துயரம் நம் மலையகத்தை எட்டிற்று. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகருடன் சுராபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த மாட்டின்எயர் விமானத்திற்கு 2,000 அடிவரை இறங்க அனுமதி கிடைத்தது. விமான நிலையம் அண்மித்து விட்டதென விமானிகள் தவறாகக் கணித்தனர். உண்மையில் அது இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில் இருந்தது. இருளிலே, சுமார் 4,355 அடி உயரத்தில், மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர்.

அமெரிக்க விபத்தை ஆராய்ந்த சபையில் மூவர் விமானிகளின் முடிவையே முதற் காரணமாகக் கொண்டனர். இருவர் அதற்கு உடன்படவில்லை. பழி எவரதாயினும் விதி தெளிவாயிற்று: படத்திலுள்ள வழியை அடையும்வரை இறுதியாகக் கிடைத்த உயரத்தை விமானி விடலாகாது; கட்டுப்பாட்டாளரும் அதுவரைக்குரிய உயரத்தைச் சொல்லியாக வேண்டும். நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் கட்டாயமாயிற்று.

எத்துணை தாழலாம் என்பதை அனுமதி கூறும். எங்கே நிற்கிறோம் என்பதை அது கூறுவதில்லை. அதனை அறியும் கடமை, அனுமதி பெற்றவரை விட்டு ஒருபோதும் நீங்குவதில்லை.